எல்லாக் கரையும் அவர் கரை

அந்த அம்மாவுக்கு மெதுவாகப் பேச வராது. நூலகத்தில், தேவாலயத்தில், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம், எங்கும் ஒரே அளவு சத்தம்தான். கரும்புக் காட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஒருவரைக் கூப்பிடுகிற சத்தம். மெல்போர்ன் புறநகரான டான்டினோங்கில் பட்டாணியை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. இயந்திர இரைச்சலில் கத்திக் கத்திக் குரல் இப்படி ஆகிவிட்டதா என்று ஒருமுறை கேட்டேன்.

"இல்ல பிள்ளை. என் குரலைக் கேட்டுட்டுத்தான் வேலையே குடுத்தாங்க," என்றார்.

அவர் பேசியது ஆங்கிலமும், பிரெஞ்சிலிருந்து பிறந்த அவர் ஊர் மொழியான கிரியோலும் கலந்த பேச்சு. என் நினைவில் அது நான் வளர்ந்த மலேசியத் தோட்டத்துத் தமிழாகவே ஒலிக்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

மொரிஷியஸ் தீவிலிருந்து மெல்போர்னுக்கு வந்தவர் அவர். கரும்பு பயிரிட ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழிவந்த கிரியோல் மக்களில் ஒருவர். ஐம்பது வயது இருக்கும். நல்ல உயரம், நல்ல கறுப்பு, கோடையிலும் குளிர்காலத்திலும் ஒரே பச்சைத் தொப்பி. கிளேட்டனில் என் அறைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீட்டின் பின்பகுதியில் குடியிருந்தார். நான் அவரை ஆன்ட்டி என்று கூப்பிட்டேன். தொலைக்காட்சி வண்ணத்துக்கு மாறிய வருடம் அது. அவர் வீட்டில் கறுப்பு வெள்ளைப் பெட்டிகூட இல்லை. ஒரு பிரெஞ்சு அகராதி இருந்தது.

நாங்கள் சந்தித்ததே பிரெஞ்சு வகுப்பில்தான். வாரம் ஒருநாள் சாயங்காலம், பக்கத்து உயர்நிலைப் பள்ளியில், பெரியவர்களுக்கான வகுப்பு. முதல் நாள் ஆசிரியை ஒவ்வொருவரிடமும் எதற்காக பிரெஞ்சு கற்கிறீர்கள் என்று கேட்டார். பல் மருத்துவரின் மனைவி, பாரீஸ் போகப் போகிறோம் என்றார். ஓய்வுபெற்ற ஒரு வங்கிக்காரர், திராட்சை மதுப் புட்டிகளில் எழுதியிருப்பதைப் படிக்க என்றார். நான், என் பட்டப் படிப்பில் பிரெஞ்சு அறிவியல் கட்டுரை ஒன்றைப் படித்துக்காட்டும் தேர்வு இருக்கிறது, அதற்காக என்றேன்.

அவர், "ஆப்பிரிக்காவுக்காக," என்றார்.

ஆசிரியை சிரித்தபடி சுவரைப் பார்த்தார். சுவரில் பிரான்ஸ் தேசத்தின் வரைபடம் மட்டும்தான் இருந்தது.

"அது போதாது," என்றார் அவர். மறுவாரம் பழைய பள்ளி அட்லஸிலிருந்து கிழித்த உலகப் படத்தைக் கொண்டுவந்து தானே ஊசி குத்தி மாட்டினார். பிரெஞ்சு பேசப்படும் கறுப்பர் நாடுகளுக்கெல்லாம் சிவப்புப் பென்சிலால் வண்ணம் அடித்திருந்தார். செனகல், மாலி, ஐவரி கோஸ்ட், கொங்கோ, மடகாஸ்கர். கடல் தாண்டி ஹைட்டி, மார்ட்டினிக். கடைசியில் இந்தியப் பெருங்கடலில், பென்சில் முனையால் குத்திய ஒரு பொட்டு. அவருடைய தீவு.

"எங்க ஆளுங்களை எந்தக் கரையில கப்பல்ல ஏத்தினான்னு எவனும் எழுதி வைக்கல. அதனால எல்லாக் கரையும் என் கரைதான். இவங்க எல்லாரும் ஒருநாள் ஒரே வீட்டுக்குச் சாப்பிட வந்தா, பேச ஒரு பாஷை வேணும்ல? இங்கிலீஷ்ல முதலாளிகிட்ட பேசலாம். கிரியோல்ல என் குடும்பத்தோட பேசலாம். இத்தனை பேரோட பேச இதுதான் இருக்கு."

"அதுவும் ஒரு முதலாளியின் மொழிதானே?" என்று வங்கிக்காரர் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை.

"ஆமாங்க. அவன் தோட்டத்துல அவன் கத்தியை வச்சுத்தான் எங்க சோத்துக் காய்கறியும் நறுக்கினோம்," என்றார். ஆசிரியை அந்தப் படத்தைக் கடைசிவரை கழற்றவில்லை.

வகுப்பு முடிந்து வீடு திரும்பும் வழியெல்லாம் அவருக்கு வகுப்புதான். வேலிக்குள்ளிருந்து குரைக்கும் நாய்க்கு பிரெஞ்சில் வணக்கம் சொல்வார். கிளேட்டன் நிலையத்தில் நின்றுகொண்டு வரப்போகும் ரயிலைத் திட்டுவார்: நீ தாமதமாக வருகிறாய், நீ நேற்றும் தாமதமாக வந்தாய், நீ நாளையும் தாமதமாக வருவாய். மூன்று காலத்துக்கும் ஒரே ரயில் போதுமாக இருந்தது. என் அறைத் தோழி யாழ்ப்பாணத்துப் பெண். ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்டாள்:

"உம்மட அன்ரிக்கு என்ன, விசரே? ஸ்டேஷன்ல நிண்டு ட்ரெய்னோட சண்டை பிடிக்கிறா."

"படிக்கிறாங்க," என்றேன்.

"ஓம், பாத்தா தெரியுது. பாஸ் பண்ணின பிறகு பஸ்ஸோடயும் சண்டை பிடிப்பா போல."

எனக்கு அப்படியெல்லாம் பேச வராது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளியை முடித்தவள் நான். என் அப்பாவும் அம்மாவும் பேராக் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர்கள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. உதவிச் சம்பளத்தில் கப்பலேறாமல் விமானமேறிய முதல் ஆளும் நான்தான். தப்பாக ஒரு வாக்கியம் சொல்வதைவிட வாயை மூடிக்கொண்டிருப்பது மேல் என்றுதான் அதுவரை எல்லா வகுப்பிலும் முதலாவதாக வந்திருந்தேன். அகராதியை வைத்துக்கொண்டு எந்த பிரெஞ்சுப் பக்கத்தையும் பிரித்து மேய்ந்துவிடுவேன். பேசச் சொன்னால் நோட்டில் எழுதிக் காட்டுவேன்.

ஆகவே எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. சனிக்கிழமைகளில் அவர் சமையலறை மேசையில் உட்கார்ந்து அவருடைய நோட்டை நான் திருத்துவேன். என் வாயை அவர் திருத்துவார். "வாயைத் திற பிள்ளை, பல்லு விழுந்துடாது," என்பார். அடுப்பில் பருப்பு கொதிக்கும். அவர் வளர்ந்த தெருவின் மூலையில் ஒரு முருகன் கோயில் இருந்ததாம். காவடிக்குப் பின்னால் ஓடிப்போய் வாழையிலையில் ஏழு கறியும் சோறும் வாங்கிச் சாப்பிட்ட கதையை எத்தனையோ தடவை சொன்னார்.

"எங்க ஆளுங்க விடுதலைன்னு சொல்லி உதறிப் போட்ட மண்வெட்டியை எடுத்து, கப்பல்ல கூட்டிட்டு வந்த உங்க தமிழாளுங்க கையில முதலாளி குடுத்தான். அப்படிப் பாத்தா நீ என் பக்கத்து வீட்டுக்காரி," என்றார்.

சமையலறையில் இது கேட்க நன்றாகத்தான் இருந்தது. வகுப்பில் அல்ல. ஒருநாள் ஆசிரியை, பக்கத்தில் இருப்பவரின் குடும்பத்தைப் பற்றி ஐந்து வாக்கியம் சொல்லுங்கள் என்றார். அவர் எழுந்து நின்றார். அந்தக் குரலில், ஒவ்வொரு சொல்லாக, இவளுடைய அப்பா ரப்பர் மரம் வெட்டுகிறார், அம்மாவும் வெட்டுகிறார், அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, என் அப்பா கரும்பு வெட்டினார், அவருக்கும் தெரியாது என்று முடித்தார்.

 அதுவரை அந்த வகுப்பில் அப்பாவுக்கு என்ன வேலை என்று யார் கேட்டாலும், ரப்பர் தோட்டத்தில் இருக்கிறார் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவேன். தோட்டமே எங்களுடையது என்று பல் மருத்துவரின் மனைவி நினைத்துக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை. மற்றதையெல்லாம் திருத்துவேன்.

இரண்டு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன். மூன்றாவது வாரம் வாசலில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்கவில்லை.

"அஞ்சு வாக்கியத்துல தப்பு எத்தனை?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லை," என்றேன். உண்மையிலேயே இல்லை. அவர் பிழையில்லாமல் சொன்ன முதல் ஐந்து வாக்கியங்கள் அவை.

"அப்புறம் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?"

அவரோடு நடந்துபோய்ப் பருப்பும் சோறும் சாப்பிட்டேன்.

அவருடைய அக்காவைப் பார்த்த பிறகுதான் அந்தச் சத்தத்துக்கு ஒரு காரணம் எனக்குப் புரிந்தது. அக்கா நோபிள் பார்க்கில் சொந்த வீட்டில் இருந்தார். ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர்கள். அக்கா வெளிர்நிறம், இவர் கறுப்பு. தீவில் அப்படிக் கலந்து பிறப்பது சகஜம். ஆனால் இந்த நாட்டுக்கு வர விண்ணப்பத்தோடு புகைப்படம் அனுப்ப வேண்டியிருந்த காலத்தில், பார்க்க ஐரோப்பியர் போல இருந்தால்தான் கதவு திறக்கும். அக்காவுக்குத் திறந்தது. இவருக்குத் திறக்க இன்னும் எட்டொன்பது வருடம் ஆயிற்று, சட்டம் மாற வேண்டியிருந்தது. அதற்குள் அக்கா அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் தன்னைப் பிரெஞ்சு வம்சம் என்று சொல்லிவைத்திருந்தார். பிறகு வந்து இறங்கினார் தங்கை, அந்தக் குரலோடு.

அந்த வீட்டில் எல்லோரும் மெதுவாகத்தான் பேசுவார்கள். வரவேற்பறையில் சரிகை விரிப்பு, சுவரில் ஈஃபில் கோபுரம் வரைந்த தட்டு. அக்கா மோசமானவர் இல்லை. தங்கைக்குப் போர்வை தைத்துக் கொடுத்தவர், வேலை தேடி அவருக்காக அலைந்தவர். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர்கள் தேநீருக்கு வரும்போது மட்டும், "நீ கொஞ்சம் குசினியைப் பாத்துக்கயேன்," என்று தங்கையைச் சமையலறைக்கு அனுப்பிவிடுவார்.

தங்கை பிரெஞ்சு வகுப்புக்குப் போவது தெரிந்தபோது அக்காவுக்குச் சந்தோஷம். "நல்லது. நம்ம தாத்தா பாஷை," என்றாராம்.

"எந்தத் தாத்தா? நமக்கு ரெண்டு தாத்தா," என்றாராம் இவர்.

அந்த வாக்குவாதம் பல ஞாயிற்றுக்கிழமைகள் ஓடியது. ஒரு தடவை நானும் மேசையில் இருந்தேன். இவர் சொன்னார்:

"உன் பிரெஞ்சை வச்சே நான் நம்ம ஆளுங்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறேன் பாரு. ஆப்பிரிக்காவுல இருந்து ஒருத்தரை இந்த மேசைக்குக் கூட்டிட்டு வரேன். பிரெஞ்சுல பேசுவோம். எங்க வீட்டுப் பொண்ணுன்னு அவங்க வாயால சொல்லுவாங்க."

அக்கா தேக்கரண்டியைத் தட்டில் சத்தமில்லாமல் வைத்தார். "சொல்ல மாட்டாங்க," என்றார். "இருநூறு வருஷம் ஆச்சு. உன்னைப் பாத்து, யாரோ தீவுக்காரின்னு சொல்லுவாங்க. அப்புறம் உனக்கு நாங்களும் இல்ல, அவங்களும் இல்ல."

அவர் தன் தட்டை எடுத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே சமையலறைக்குப் போனார்.

அதற்குப் பிறகு நோட்டில் வாக்கியங்கள் கூடின. உங்கள் பயணம் சுகமாக இருந்ததா. உங்கள் தாயார் நலமா. ஞாயிற்றுக்கிழமை எங்களோடு சாப்பிட வருவீர்களா. மெல்போர்னில் ஆப்பிரிக்கரை எங்கே தேடுவது? தெரியாது. வாக்கியங்கள் மட்டும் தயாராக இருந்தன. ஒரு வருடத்துக்கு மேல் இருந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை, செனகலிலிருந்து ஒரு நடனக் குழு நகரத்தில் ஆடப்போவதாகப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. மறுநாள் பகல் காட்சிக்கு இரண்டு பேரும் போனோம். முன்வரிசையில் உட்கார்ந்து அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். மேளம் தொடங்கியதும் எல்லோரும் கைதட்டினார்கள். அவர் தட்டவில்லை. யாருடைய முகத்தையும் தவறவிடாமல், வரிசையாக, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காட்சி முடிந்ததும் அரங்கின் பின்வாசலில் நின்றோம். ஒரு இளம் நடனக்காரி முதலில் வெளியே வந்தாள். அந்த நேரம் பார்த்து அவர் என் கையைப் பிடித்து, "நீ சொல்லு, நீதான் தப்பில்லாம சொல்லுவ," என்றார். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. நடனக்காரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் நகரப்போகிற சமயம், அவர் டான்டினோங் ரயிலைக் கூப்பிடுகிற குரலில் ஆரம்பித்துவிட்டார். பயணம், தாயார், ஞாயிற்றுக்கிழமை. வரிசை மாறவில்லை. தெருவின் எதிர்ப்பக்கம் நடந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நடனக்காரி முழுவதும் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சோறு இருக்குமா?"

மூன்று வாரமாக அவர்களுக்கு ரொட்டியும் குளிர்ந்த இறைச்சியும்தான் கிடைத்துக்கொண்டிருந்ததாம்.

மறுநாள் அவர்களுக்கு ஓய்வு. இவர் நகரத்துக்குப் போய் இரண்டு பேரை ரயிலில் கூட்டிவந்தார். அந்த நடனக்காரி, அவளோடு அறுபது வயதான ஒரு மேளக்காரர். நான் கிளேட்டனில் இவர் சமைத்துவைத்த சோற்றோடும் பருப்புப் பானையோடும் ஏறிக்கொண்டேன். பெட்டியில் உட்கார்ந்திருந்த இவருடைய முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"என்ன ஆன்ட்டி?"

"பெரியவருக்கு பிரெஞ்சு தெரியாதாம் பிள்ளை. ஒரு வார்த்தை தெரியாது. அவங்க ஊர் பாஷை மட்டும்தான். வோலோஃப்னு பேரு."  பிறகு பெட்டி முழுவதும் கேட்கச் சிரித்தார். "ரெண்டு வருஷமா கதவைத் தட்டியிருக்கேன். கதவுக்கு உள்ள இன்னொரு கதவு."

அக்கா வீட்டில் ஆட்டிறைச்சி வறுத்து, கிழங்கு வேகவைத்து, நல்ல தட்டுகளை எடுத்துவைத்திருந்தார்கள். விருந்தாளிகள் இவர் சமைத்த சோற்றையும் பருப்பையும் அச்சார் ஊறுகாயையும்தான் இரண்டு தடவை போட்டுக்கொண்டார்கள். பேச்சு இப்படிப் போயிற்று: இவர் பிரெஞ்சில் கேட்பார், நடனக்காரி மேளக்காரரிடம் வோலோஃபில் சொல்வாள், பதில் அதே வழியில் திரும்பி வரும். அக்கா தனக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு பிரெஞ்சு வாக்கியங்களை முதல் கால் மணியிலேயே செலவழித்துவிட்டார். பிறகு புன்னகையோடு எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நடனக்காரியின் வேகத்துக்கு அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

சாப்பாடு முடியும் நேரத்தில் இவர் தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். நேராக மேளக்காரரைப் பார்த்து, நான் திருத்தியே கொடுக்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"என் முகத்தைப் பாருங்க. உங்க பக்கம் இந்த முகம் இருக்கா?"

கேள்வி அவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் அவசரப்படாமல் பார்த்தார். நெற்றி, மூக்கு, வாய். பிறகு வருத்தத்தோடு தலையை ஆட்டி ஏதோ சொன்னார். நடனக்காரி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: நல்ல முகம், ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் இப்படிப் பார்த்ததில்லை என்கிறார்.

எனக்கு அக்காவின் பக்கம் திரும்பப் பயமாக இருந்தது. ஆனால் மேளக்காரர் முடிக்கவில்லை. கையிலிருந்த கரண்டியை நீட்டி, தண்ணீர்ச் சாடியோடு நின்ற அக்காவைக் காட்டினார். இப்போது வேகமாகப் பேசினார், சிரித்துக்கொண்டே பேசினார். நடனக்காரியும் சிரித்துவிட்டு அதைப் பிரெஞ்சில் கொட்டினாள். எனக்கே பாதிதான் பிடிபட்டது.

"என்ன சொல்றாரு?" என்று அக்கா தங்கையிடம் கேட்டார்.

இவர் மேசைவிரிப்பின் சரிகையை விரலால் நீவிக்கொண்டிருந்தார். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். சாப்பாடு நன்றாக இருக்கிறதாம் என்று சொல்லியிருந்தால் அக்கா நம்பியிருப்பார். அந்தப் பதில் முழுதும் புரிந்தது எங்களில் இவர் ஒருவருக்குத்தான்.

பிறகு சொன்னார். முதலில் வகுப்புப் பிரெஞ்சில், நிதானமாக. அடுத்து கிரியோலில், பக்கத்து வீட்டுக்கும் கேட்க.

"நீ அவரோட சித்தி மாதிரியே இருக்கியாம். நெத்தி, இடுப்புல கை வச்சு நிக்கிறது, சாடியைப் பிடிக்கிறது, எல்லாம் அச்சாம். நிறம் மட்டும்தான் வேறயாம். நீ உள்ள வந்ததுல இருந்து அவருக்கு அதான் நினைப்பாம்."

அக்காவின் இன்னொரு கை இடுப்பில்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு எடுத்தார். அக்காவின் கணவர் ஜன்னலுக்கு வெளியே புல்வெட்டும் இயந்திரத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சாடியை மேசையில் வைத்தார், நாற்காலியை இழுத்து மேளக்காரருக்கு எதிரே உட்கார்ந்தார். வழக்கமான மெல்லிய குரலில் சொன்னார்:

"அந்தச் சித்தி சுகமா இருக்காங்களான்னு கேளு."

கேள்வி இரண்டு மொழி தாண்டிப் போயிற்று. பதில் இரண்டு மொழி தாண்டி வந்தது. சித்தி சுகம். கடற்கரையில் மீன் விற்கிறார். தெருவில் யாரோடும் ஒத்துப்போவதில்லை, எல்லோருக்கும் உத்தரவு போடுவார்.

"அப்போ நம்ம அம்மாதான்," என்றார் அக்கா. அந்த வீட்டில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அப்போதுதான். தங்கைக்குக் கொஞ்சமும் குறையாத சத்தம்.

சாயங்காலம் அக்காவின் கணவர் விருந்தாளிகளைக் காரில் நகரத்துக்குக் கூட்டிப்போனார். சித்திக்குக் கொடுக்கச் சொல்லி அக்கா சரிகை விரிப்பு ஒன்றைப் பொதிந்து கொடுத்திருந்தார். நாங்கள் இருவரும் நோபிள் பார்க் நிலையத்தில் காலிப் பானையோடு நின்றோம். ரயில் தாமதம். அவர் ரயிலை ஒன்றும் சொல்லவில்லை.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன். பிரெஞ்சிலாவது சொல்லலாம் என்று ஆரம்பித்து, தப்பாகச் சொல்லி, மறுபடி தப்பாகச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாயைத் திறந்துட்டியே," என்றார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். "ரெண்டு வருஷம் படிச்சது நான். உறவு கிடைச்சது அவளுக்கு."

அவரே சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நின்றதும் திடீரென்று என் பக்கம் திரும்பினார். எதிர்ப்பக்க நடைமேடையில் நின்றவர்களுக்கும் அந்தக் கேள்வி கேட்டிருக்கும்.

"நீ சொல்லு பிள்ளை. உங்க ஆளுங்களுக்குத்தான் இந்த உறவுமுறையெல்லாம் தெரியும். மீன் விக்கிற அந்தம்மா அக்காவுக்குச் சித்தின்னா, எனக்கு யாரு?"

சித்திதான் என்றேன்.